அடுத்த மாவட்டம் எது? ஊருக்கு ஊர் மாறும் செலவைக் கணக்குப் பார்க்கும் முறை

மசாலாப் பொடி, அப்பளம், பினாயில், உள்ளாடை என்று ஏதோ ஒன்றைச் சொந்த ஊரில் நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், அடுத்து எந்த மாவட்டம் போகலாம்?" நான் ஈரோட்டுக்காரன். மளிகைச் சரக்குக் கம்பெனிகளில் சேல்ஸ்மேனாக ஆரம்பித்து ஏரியா மேனேஜர் வரை இருந்தவன். இப்போது சின்ன உற்பத்தியாளர்களுக்கு வெளி மாவட்டங்களில் ஏஜென்சி போட்டுக் கொடுக்கிறேன். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரு சராசரி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தமிழ்நாட்டில் செலவு இவ்வளவு ஏறியிருக்கிறது, ஆகவே எந்த மாவட்டத்துக்குப் போனாலும் சரக்கு அந்த அளவுக்கு ஓடும் என்று ஒரு நம்பிக்கை. அப்படி ஓடாது. ஒரு மாவட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டியவை மூன்று: அங்கே பணம் எந்தத் தேதியில் வருகிறது, வந்த பணம் எந்த ஊரில் போய்ச் செலவாகிறது, ஏறியிருப்பது விலையா சரக்கா. இந்த மூன்றையும் கண்டுபிடிக்கும் வழிதான் கீழே.

சராசரியை எதற்குப் பயன்படுத்தலாம்

அரசாங்கக் கணக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. மத்திய புள்ளியியல் அமைச்சகம் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை எடுத்த கணக்கில், இந்தியக் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய், நகரங்களில் 6,459 ரூபாய். தமிழ்நாட்டில் கிராமம் 5,310, நகரம் 7,630. கேரளக் கிராமம் 5,924. சத்தீஸ்கர் கிராமம் 2,466. பீகாரில் நகரத்துக்கே 4,768தான். பீகார் நகரத்தில் இருப்பவரைவிட நம்மூர்க் கிராமத்தில் இருப்பவர் அதிகம் செலவழிக்கிறார். வட மாநிலத்தில் நகரத்துக்கு மட்டும் அனுப்பும் பாக்கெட் அளவை இங்கே கிராமத்துக்கே இறக்கலாம் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இது தலைக்கு, மாதத்துக்கு உள்ள கணக்கு. நாலு பேர் உள்ள வீடு என்றால் நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். கிராமத்தில் அந்தச் செலவில் 46 சதவீதமும் நகரத்தில் 39 சதவீதமும் சாப்பாட்டுக்குப் போகின்றன. 2011-12இல் கிராமத்தில் இது 53 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அரிசி, பருப்பு போக மிஞ்சும் பங்கு கிராமத்தில்தான் வேகமாகக் கூடியிருக்கிறது.

வளர்ச்சியைப் பார்க்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 2011-12இல் கிராமத்தில் 1,430 ரூபாய், நகரத்தில் 2,630 ரூபாய். இரண்டையும் 2022-23 எண்ணோடு வைத்துப் பார்த்தால் இரண்டரை மடங்கு பெருகியதுபோல் தெரியும். விலையேற்றத்தை நீக்கி 2011-12 விலையில் போட்டால் கிராமம் 2,008, நகரம் 3,510. பதினோரு வருடங்களில் கிராமத்தில் சுமார் 40 சதவீதம், நகரத்தில் 33 சதவீதம். ஆண்டுக்கு மூன்று சதவீதத்தை ஒட்டி வரும். உங்கள் ஏஜென்சிக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் டார்கெட் போடுவதற்கு முன் இந்த எண்ணை ஒரு தடவை பாருங்கள். மிச்சத்தை நீங்கள் அடுத்த கம்பெனிக்காரனிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பு மாநிலம் வரைதான் துணைக்கு வரும். மாவட்டத்துக்கு இறங்கினால் எடுத்த வீடுகளின் எண்ணிக்கை போதாது. எந்த மாநிலம் என்று தீர்மானிக்க இதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாவட்டம் என்பதற்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

எல்லையைச் சரிபாருங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாயின. 2020இல் மயிலாடுதுறை பிரிந்தது. 32 மாவட்டம் 38 ஆனது. "வேலூரில் விற்பனை பாதியாகக் குறைந்துவிட்டது" என்று பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பதறுபவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்த வேலூர் இப்போது மூன்று மாவட்டம், அவ்வளவுதான். மக்கள் தொகைக்கும் நம் கையில் இருப்பது 2011 கணக்கு மட்டுமே. அதனால் நான் தாலுகாவை அலகாக வைத்துக்கொள்கிறேன், ஆள் எண்ணிக்கைக்குக் குடும்ப அட்டைக் கணக்கைப் பார்க்கிறேன். தாலுகா எல்லை அதிகம் மாறுவதில்லை.

பணம் வரும் நாள்காட்டி

என்னைக் கேட்டால் வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஒரு பெரிய தாளில் மேலே சித்திரை முதல் பங்குனி வரை எழுதுங்கள். ஆங்கில மாதம் போட்டாலும் சரி, முகூர்த்தத்தையும் ஆடியையும் குறித்தால் போதும். இடது பக்கம் நீங்கள் யோசிக்கும் ஊர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஊருக்கு அந்த மாதம் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். சம்பளமா, கூலியா, நெல் பணமா, வெளிநாட்டுப் பணமா, அரசாங்கப் பணமா?

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். சனி இரவும் ஞாயிறும் கடைவீதியில் நடக்க முடியாது. செவ்வாய், புதனில் கடைக்காரர் ஈ ஓட்டுவார். அங்கே உங்கள் சரக்கு வெள்ளிக்கிழமைக்குள் அலமாரியில் ஏறியிருக்க வேண்டும். திங்கட்கிழமை பீட் (கடை கடையாகச் சுற்றி ஆர்டர் எடுப்பது) போட்டு, "மார்க்கெட் டல்லா இருக்கு சார்" என்று ரிப்போர்ட் எழுதும் சேல்ஸ்மேனை நம்பி அந்த ஊரை எடை போடாதீர்கள். திருப்பூரில் இன்னொன்றும் இருக்கிறது. தொழிலாளர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்கள் கணிசம். அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடுகிறது. அந்தப் பணம் செலவாவது ஒடிசாவின் ஏதோ ஒரு கிராமத்தில். இங்கே அவர்கள் வாங்குவது கடுகெண்ணெய், சின்ன சோப்பு, ரீசார்ஜ். ஊரின் சம்பளக் கணக்கைப் பார்த்துப் பெரிய பாக்கெட் இறக்கினால் அலமாரியிலேயே இருக்கும். ஏற்றுமதி ஆர்டரையும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஓவர்டைம் நின்றால் முதலில் அடிபடுவது ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையும் டிபன் கடையும்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருப்பூரில் ஓவர்டைம் இருக்கிறதா இல்லையா என்று டீக்கடையில் கேட்டாலே போதும், அடுத்த மாத விற்பனை தெரிந்துவிடும்.

டெல்டா இதற்கு நேர்மாறு. திருவாரூர், நாகை, தஞ்சை, மயிலாடுதுறையில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் பெரிய பணம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தால் குறுவை உண்டு, தீபாவளி நேரத்தில் கையில் கொஞ்சம் காசு இருக்கும். சம்பா அறுவடை தைக்குப் பிறகு. 2023இல் ஜூன் 12இல் திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே அணை மூடப்பட்டது. 2024இல் திறந்ததே ஜூலை 28இல்தான். இந்த இரண்டு வருடத்தையும் வைத்து டெல்டாவை "வளராத மார்க்கெட்" என்று எழுதிவைத்தவர்கள் 2025இல் ஜூன் 12இல் தண்ணீர் வந்தபோது சரக்கு இல்லாமல் கையைப் பிசைந்தார்கள். டெல்டாவில் ஒரு வருட வளர்ச்சிக்கு அர்த்தமே கிடையாது. மூன்று, நான்கு வருடச் சராசரி எடுங்கள். மேட்டூர் நீர்மட்டத்தை மே மாதம் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் முன்னறிவிப்பு இதைவிட நல்லதாக எனக்குத் தெரியாது.

கடற்கரை தாலுகாக்களில் மீன்பிடித் தடைக்காலத்தைக் குறிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் பக்கம் படகு கிளம்பும்போது குளச்சல் பக்கம் கட்டிப்போட்டிருப்பார்கள். மாவட்ட மொத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, துறைமுகம் வாரியாகப் பிரித்தால்தான் தெரியும். நாட்டுப்படகு உள்ள ஊர்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியில் தீபாவளிக்கு முன் போனஸ், பிறகு பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். அச்சகங்களுக்கு அதற்கப்புறமும் காலண்டர், டைரி வேலை ஓடும். ஆகவே ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு இரண்டு நாள்காட்டி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன. வண்டி ராஜஸ்தானில் ஓடினால் பணம் இங்கே வரும். அங்கே உள்ளூர் மழைக்கும் உள்ளூர்ச் செலவுக்கும் முடிச்சுப் போட முடியாது. நாமக்கல்லில் முட்டை விலை. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூரில் விசைத்தறிக் கூலி. நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை. இவை ஒவ்வொன்றையும் உள்ளூர்ச் செய்தியிலேயே வாரா வாரம் பார்க்கலாம்.

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை வேறு கதை. கீழக்கரை, தொண்டி, தேவகோட்டை பக்கம் உள்ளூரில் தொழில் பெரிதாகக் கண்ணில் படாது. ஆனால் டைல்ஸ் கடையும் நகைக்கடையும் நிரம்பியிருக்கும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வரும் பணம் அது. 2023-24இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி ஆய்வு சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்து நாம்தான். அந்தப் பத்து சதவீதம் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. வளைகுடாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்டில் குடும்பங்கள் ஊருக்கு வரும். மற்ற ஊர்களில் ஆடி மந்தம் இருக்கும்போது இங்கே வியாபாரம் இருக்கும்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் யார் வளர்கிறார்கள் என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் தொழிற்சாலையில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அவ்வளவு பேருக்கும் மாதச் சம்பளம் உண்டு, யாருக்கும் அடுப்படி கிடையாது. சாம்பார் பொடி விற்பவருக்கு அங்கே வேலை இல்லை. ஷாம்பு, முறுக்கு, நாப்கின், ஊறுகாய் விற்பவருக்குத் திருவிழா. (சாஷே என்னும் சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு போட்டு விற்கும் யோசனையைப் பெரிதாக்கியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். இன்றைக்கும் அந்தச் சரம் தொங்காத கடை இல்லை.)

கடைசியாக அரசாங்கப் பணம். 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போக ஆரம்பித்தது. கோயம்புத்தூர் மாநகரில் அந்த ஆயிரம் கண்ணுக்குத் தெரியாது. தர்மபுரி, கள்ளக்குறிச்சி கிராமக் கடைகளில் மாதத்தின் நடுவில் ஒரு மேடு எழும்பும். முன்பெல்லாம் 20ஆம் தேதிக்கு மேல் அந்தக் கடைகளில் கடன் நோட்டுதான் ஓடும். 100 நாள் வேலைக் கூலி 2024-25இல் நாளுக்கு 319 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் கூலி அறிவித்த தேதியை விட, வங்கியில் ஏறிய தேதிதான் கடைக்காரருக்கு முக்கியம். மாதக்கணக்கில் நிலுவை நின்ற காலத்தில் எங்கள் கலெக்‌ஷனும் கூடவே நின்றது.

வந்த பணம் எங்கே போகிறது

உற்பத்திக் கணக்கைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். அரியலூரில் சிமெண்ட், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, கூடங்குளத்தில் அணுமின்சாரம். மாவட்ட உற்பத்தி மதிப்பில் இவை பெரிதாகத் தெரியும். அந்த மதிப்பு அந்த ஊர்க்காரர் பையில் விழுவதில்லை. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கோடிக்கணக்கில் பில் போடுவார்கள். வாங்கியவர் ஆந்திரா, கேரளா வியாபாரி. அந்த லுங்கியை ஈரோட்டில் யாரும் கட்டப்போவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிவகங்கைக்காரர் கல்யாணத்துக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போவார். பெரம்பலூர், புதுக்கோட்டைக்காரர் திருச்சிக்கு. பொள்ளாச்சி, ஊட்டி எல்லாம் கோவைக்கு. நகை, பட்டு, டிவி, சோபா ஆகியவற்றின் கணக்கு பெரிய ஊரில் விழும். அரிசி, எண்ணெய், சோப்பு, பிஸ்கட்டின் கணக்கு வீட்டுத் தெருவில் விழும். ஆகவே உங்கள் சரக்கு பஸ் ஏறிப் போய் வாங்குவதா, நடந்து போய் வாங்குவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பஸ் ஏறி வாங்கும் சரக்கு என்றால் சிவகங்கையில் கடை போட வேண்டாம். மதுரையில் போட்டு, சிவகங்கையில் விளம்பரம் செய்யுங்கள்.

சும்மா கிடைக்கும் மூன்று கணக்கு

வாகனப் பதிவுக் கணக்கு எனக்குப் பிடித்தது. மத்திய அரசின் வாகன் தளத்தில் மாநிலம், ஆர்டிஓ அலுவலகம், மாதம் என்று தேர்ந்தெடுத்தால் எத்தனை வண்டி பதிவானது என்று வந்துவிடும். பொள்ளாச்சிக்காரர் கோவை ஷோரூமில் வாங்கினாலும் வண்டி பெரும்பாலும் பொள்ளாச்சி எண்ணான டிஎன் 41 என்றுதான் பதிவாகும். மேலே சொன்ன "எந்த ஊர்ச் செலவு" என்ற சிக்கல் இதில் குறைவு. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு வகை பிரித்துப் பாருங்கள். மொபெட் தனியாக வரும். பூக்காரர், பால்காரர், கீரைக்காரர் வாங்கும் வண்டி அது. மொபெட் ஏறுகிறது என்றால் சின்ன வியாபாரம் அசைகிறது. டிராக்டர் ஏறினால் இரண்டு நல்ல போகம் போயிருக்கிறது. கார் ஏறி மொபெட் இறங்கினால் அந்த ஊரில் மேல்தட்டு மட்டும் செலவழிக்கிறது. உங்கள் பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது மட்டும் பண்டிகைத் தேதியை மறக்காதீர்கள். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு வைத்தால் எந்த ஊரும் பிரமாதமாக வளர்ந்ததுபோல் தெரியும், நவம்பரை வைத்தால் படுத்ததுபோல் தெரியும். இரண்டு மாதத்தையும் கூட்டி ஒப்பிடுங்கள். 2025க்கு அதுவும் போதாது. வரிக் குறைப்பு வரும் என்று ஆகஸ்ட் 15இல் பிரதமர் அறிவித்ததிலிருந்து செப்டம்பர் 22இல் புதிய ஜிஎஸ்டி அமலாகும் வரை பைக், டிவி வாங்க நினைத்தவர்கள் காத்திருந்தார்கள். அந்த வருடத்துக்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நான்கு மாதத்தையும் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. மாவட்ட வாரியாக வைப்பும் கடனும் எவ்வளவு என்று காலாண்டுக்கு ஒரு முறை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நடத்தும் மாநில வங்கியாளர் குழுக் கூட்டத்தின் தாள்களிலும் கிடைக்கும். தமிழ்நாடு முழுமைக்கும் கடன், வைப்பைவிட அதிகம். அப்படியிருக்க ஒரு மாவட்டத்தில் வைப்பு நிறைந்து கடன் குறைந்து கிடந்தால், அது பெரும்பாலும் வெளியூர்ப் பணத்தில் வாழும் மாவட்டம். வீடு, நகை, கல்யாணச் சரக்குக்கு நல்லது. கடைக்காரர் சரக்குக்குக் கடன் எடுக்கத் தயங்குவார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகைக்கடன் மட்டும் திடீரென்று ஏறினால் உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நடவுக்காக வைத்திருக்கலாம், வயிற்றுக்காக வைத்திருக்கலாம். மாதத்தைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது ஜிஎஸ்டி. செய்தியில் மாநில வாரியாக வரும் வசூலை வைத்து "மகாராஷ்டிரத்தில் செலவு அதிகம்" என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். பில் போட்ட இடத்துக் கணக்கு அதில் நிறையக் கலந்திருக்கும். மாநிலங்களுக்கிடையே பங்கு பிரித்து முடித்த பிறகு வரும் எண்தான் நுகர்வுக்கு ஓரளவு பக்கத்தில் நிற்கும். மாவட்டம் பார்க்க இது உதவாது.

கடையில் நின்று பார்ப்பது

மேலே உள்ளதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்வது. அப்புறம் பஸ் ஏற வேண்டும். மாதத்தின் 5, 16, 25 தேதிகளை ஒட்டி ஒவ்வொரு நாள், ஒரே கடையில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரை நில்லுங்கள். எவ்வளவு விற்கிறது என்பதைவிட எந்த அளவில் விற்கிறது என்று பாருங்கள். அரை லிட்டர் எண்ணெய் கேட்டவர் 25ஆம் தேதி பத்து ரூபாய்க்கு ஊற்றச் சொல்கிறாரா? டூத்பேஸ்ட் பெரிய டியூபில் போகிறதா, பத்து ரூபாய் டியூபிலா? மூன்று நாளிலும் அளவு மாறவில்லை என்றால் அது மாதச் சம்பளக்காரர் தெரு.

திருத்துறைப்பூண்டியில் ஒரு மாசி மாதம் இப்படி நின்றேன். கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் நீட்டு நோட்டு ஒன்றைத் திறந்தே வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே வீட்டு அடையாளம். ஒவ்வொருவர் வந்ததும் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி எழுதுவார். பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். "நெல்லு டிபிசில போட்டுப் பத்து நாளாச்சு தம்பி. அக்கவுண்டுல ஏறுனதும் ஒரே நாள்ல தீத்துருவாங்க. அதுவரைக்கும் உங்க நூறு கிராம் பாக்கெட்ட இங்க எறக்காதீங்க, அஞ்சு ரூபாயே போடுங்க" என்றார். அந்த நோட்டில் நிறைய எழுதிய பக்கங்கள் எல்லாம் டிபிசியில், அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், மூட்டை போட்டவர்கள். கொஞ்சமே எழுதிய பக்கங்கள் கூலிக்காரர்கள். அவர்களுக்கு அவரே அதிகம் கடன் தருவதில்லை. எந்த அறிக்கையிலும் இந்தப் பிரிவு கிடைக்காது.

கடைக்காரரிடம் "வியாபாரம் எப்படி?" என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் "சுமார்தான்" என்பார். கேட்க வேண்டியது: போன வருடம் இல்லாத எந்தச் சரக்கை இந்த வருடம் வாங்கி வைத்தீர்கள்? எதை நிறுத்தினீர்கள்? கடன் எந்தத் தேதியில் திரும்புகிறது? இந்த மூன்றுக்கும் யாரும் பொய் சொல்வதில்லை.

ஏஜென்சிக்காரரின் கணக்கைப் பார்க்கும்போது கம்பெனி அவருக்கு அனுப்பிய சரக்கைப் பார்க்காதீர்கள். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக அவர் குடோனில் தள்ளிவிட்டதெல்லாம் அதில் இருக்கும். அவரிடமிருந்து கடைக்குப் போனதுதான் கணக்கு. அதிலும் தள்ளுபடி ஸ்கீம் ஓடிய வாரத்தைக் கழித்துவிடுங்கள்.

விலையைக் கழிப்பது

விற்பனை ரூபாயில் 12 சதவீதம் ஏறியிருக்கிறது, விலையை நீங்கள் 8 சதவீதம் ஏற்றியிருக்கிறீர்கள் என்றால், 112ஐ 108ஆல் வகுங்கள். சரக்கு ஏறியது 3.7 சதவீதம்தான். பாக்கெட் எண்ணிக்கையும் ஏமாற்றும். பத்து ரூபாய் பாக்கெட்டில் 50 கிராம் இருந்ததை 45 ஆக்கிவிட்டு, 1,000 பாக்கெட் விற்ற இடத்தில் 1,060 விற்றால் பாக்கெட் 6 சதவீதம் ஏறியதுபோல் தெரியும். கிலோவில் 50லிருந்து 47.7க்கு இறங்கியிருக்கிறது. நான் எப்போதும் கிலோவில்தான் கேட்பேன்.

2025 செப்டம்பர் 22க்குப் பிறகு இது தலைகீழ். ஷாம்பு, குளியல் சோப்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18 சதவீத வரியிலிருந்து 5க்கு வந்தன. ரூபாயில் விற்பனை குறைந்து, கிலோவில் ஏறியிருக்கலாம். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள ரூபாய்க் கணக்கை ஒப்பிட்டு ஒரு மாவட்டத்தைக் கைகழுவ வேண்டாம்.

இனி தீர்மானம்

எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் ஊர்களை மூன்று கும்பலாகப் பிரிப்பது என் வழக்கம். செலவின் அளவும் பெரிது, ஆனால் மெதுவாக ஏறுவது: கோவை, சென்னை போன்றவை. இங்கே எல்லாக் கம்பெனியும் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும். அலமாரியில் இடம் பிடிக்கவே பணம் வேண்டும். அளவு நடுத்தரம், வேகமாக ஏறுவது: ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரம் போன்றவை. புது ஆளுக்கு இதுதான் இடம், சரக்கு பொருந்தினால். அளவு குறைவு, ஆனால் சின்ன மாற்றமும் பளிச்சென்று தெரிவது: தர்மபுரி, கள்ளக்குறிச்சி, திருவாரூர் உள்கிராமங்கள். ஐந்து ரூபாய் பாக்கெட்டில் லாபம் நிற்கும் என்றால் மட்டும் போங்கள். 38 மாவட்டத்துக்கும் ஒரே 15 சதவீத டார்கெட் போடுபவர், சிவகாசி ஏஜென்சிக்காரரைத் தீபாவளிக்கு அடுத்த மாதமும் அடித்துத் துவைப்பார். நல்ல ஏஜென்சிக்காரர் அந்தக் கம்பெனியை விட்டு ஓடிவிடுவார்.

இறங்கும்போது ஒரு மாவட்டத்தில் இரண்டு தாலுகா மட்டும் எடுங்கள். ஒன்றில் பணம் வாராவாரமோ மாதாமாதமோ வர வேண்டும், இன்னொன்றில் போகத்துக்கு வர வேண்டும். முதல் பில் ரொக்கம். இரண்டாவது பில்லிலிருந்து கடன் நாளை அந்த ஊர் நாள்காட்டிப்படி வையுங்கள். திருப்பூரில் ஏழு நாள் போதும், சம்பா பட்டத்தில் நாற்பத்தைந்து நாள் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், தடைக்காலத்தில் விசைப்படகு ஊருக்குக் கடனே வேண்டாம். வேனும் ஆளும் போடுவதைப் பெரிய பண்டிகை இல்லாத இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புரட்டாசியும் பங்குனியும் அதற்கு நல்லது. அந்த இரண்டு மாதத்திலும் கடைக்குப் போன கிலோ நீங்கள் இறங்கிய முதல் மாதத்தைவிடக் குறையவில்லை என்றால் மூன்றாவது தாலுகாவுக்குப் போகலாம். குறைந்தால் ஏஜென்சிக்காரரின் குடோனில் இருக்கும் சரக்கைத் தேதி தாண்டுவதற்குள் திருப்பி எடுத்துப் பக்கத்து மாவட்டத்தில் தள்ளிவிட்டு, அவருடைய டெபாசிட்டை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.